‘ஹிஸ்டரி குரூப்பா? அதை எடுத்து என்ன பண்ணப் போற?’ - பிளஸ் 2 வரலாறு பற்றி மாணவர்களும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரம் திருச்சி தென்னூரில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரே பேச்சுதான். "என்ன குரூப் எடுக்கப் போற?"

மேத்ஸ் - பயாலஜி என்றால் "சூப்பர்ப்பா" என்பார்கள். காமர்ஸ் என்றால் "பரவாயில்ல, பேங்க் வேலைக்குப் போகலாம்" என்பார்கள். ஹிஸ்டரி என்று சொன்னால் மட்டும் ஒரு சின்ன மௌனம். அப்புறம் அந்தக் கேள்வி வரும்: "அதை எடுத்து என்ன பண்ணப் போற?"

வேடிக்கை என்னவென்றால், அதே வீட்டில் டிகிரி முடித்துவிட்டு டிஎன்பிஎஸ்சிக்குத் தயாராகும் அண்ணனோ அக்காவோ, அதே பிளஸ் 2 வரலாற்றுப் புத்தகத்தை வரி வரியாகக் கோடு போட்டுப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

பிளஸ் 2-வில் வரலாறு படிப்பது என்றால் என்ன? பாடத்தில் என்ன இருக்கிறது? மார்க் எப்படி வாங்குவது? அதன் பிறகு எந்தக் கதவு திறக்கும், எது மூடும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஹிஸ்டரி குரூப் என்றால் எது?

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் 1, பிளஸ் 2 வகுப்புகளில் மொத்தம் 6 பாடங்கள். தமிழ் (அல்லது வேறு மொழி), ஆங்கிலம் இரண்டும் போக, 4 பாடங்கள் குரூப்பைப் பொறுத்து மாறும். ஒவ்வொரு பாடத்துக்கும் 100 வீதம் மொத்தம் 600 மதிப்பெண்.

வரலாறு பெரும்பாலும் இரண்டு வகை குரூப்களில் வருகிறது:

- வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல்
- வரலாறு, புவியியல், பொருளியல், அரசியல் அறிவியல்

"ஹிஸ்டரி குரூப்" என்று பொதுவாகச் சொல்லும்போது இரண்டில் எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது முக்கியம். பின்னால் பி.காம் போகும் எண்ணம் இருந்தால் முதல் வகைதான் பாதுகாப்பு. பல தனியார் பள்ளிகளில் காமர்ஸ் குரூப்பில் வரலாற்றுக்குப் பதிலாகக் கணினிப் பயன்பாடுகள் பாடம்தான் இருக்கும். வரலாறு வேண்டும் என்றால் அரசுப் பள்ளி அல்லது அரசு உதவி பெறும் பள்ளிகளில்தான் முதலில் விசாரிக்க வேண்டியிருக்கும்.

புத்தகத்தில் என்ன இருக்கிறது?

"ராஜா ராணி கதைதானே?" என்று நினைத்தால் ஏமாற்றம்தான். சேர, சோழ, பாண்டியர், டெல்லி சுல்தான், முகலாயர் எல்லாம் பிளஸ் 1-லேயே முடிந்துவிடும். 2019-20 கல்வியாண்டில் வந்த பிளஸ் 2 வரலாற்றுப் புத்தகத்தில் மொத்தம் 15 பாடங்கள். எல்லாமே நவீன காலம்.

முதல் 7 பாடங்கள் இந்திய விடுதலைப் போராட்டம். தேசியம் எப்படி உருவானது என்பதில் தொடங்கி, சுதேசி இயக்கம், முதல் உலகப் போர், காந்தியின் வருகை, புரட்சியாளர்கள், வகுப்புவாதம், கடைசிக் கட்டப் போராட்டம் என்று போகும். அடுத்த 2 பாடங்கள் விடுதலைக்குப் பிந்தைய இந்தியா. மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தது, நிலச் சீர்திருத்தம், ஐந்தாண்டுத் திட்டங்கள் எல்லாம் இதில் வரும். மீதி 6 பாடங்கள் உலக வரலாறு. மறுமலர்ச்சி, அமெரிக்க, பிரெஞ்சுப் புரட்சிகள், ஏகாதிபத்தியம், இரண்டு உலகப் போர்கள், பனிப்போர்.

இன்றைக்குச் செய்தியில் வரும் பல விஷயங்களின் வேர் இந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது. மாநில எல்லைத் தகராறா, இடஒதுக்கீடா, பாலஸ்தீனமா, எதுவானாலும் "இது எங்கே ஆரம்பிச்சது?" என்று கேட்டால் புரட்ட வேண்டிய பக்கம் இங்கே கிடைக்கும்.

90 மார்க் எப்படிப் பிரிகிறது?

வரலாற்றுக்குச் செய்முறைத் தேர்வு கிடையாது. எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. எழுத்துத் தேர்வு 3 மணி நேரம். அதற்கு முன் கேள்வித்தாளைப் படிக்கவும் விவரங்களை நிரப்பவும் 15 நிமிடம்.

- ஒரு மதிப்பெண்: 20 கேள்விகள் - 20
- 2 மதிப்பெண்: 10-ல் 7 எழுத வேண்டும் - 14
- 3 மதிப்பெண்: 10-ல் 7 எழுத வேண்டும் - 21
- 5 மதிப்பெண்: 7 கேள்விகள், ஒவ்வொன்றிலும் 'அல்லது' உண்டு - 35

2 மதிப்பெண், 3 மதிப்பெண் பகுதிகளில் தலா ஒரு கேள்வி கட்டாயம். அதைத் தவிர்க்க முடியாது.

இன்னொரு விஷயம். 2025-26 கல்வியாண்டிலிருந்து தமிழ்நாட்டில் பிளஸ் 1 பொதுத்தேர்வு இல்லை. அதனால் பொதுத்தேர்வு என்றால் பிளஸ் 2 மட்டும்தான். பிளஸ் 1-ல் அசந்துவிட்டால் பிளஸ் 2-வில் அடித்தளம் இல்லாமல் தவிக்க நேரிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மேலே உள்ள கணக்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சரியான விடையை 'டிக்' அடிக்கும் பகுதி 20 மட்டும். மீதி 70 மதிப்பெண் சொந்தமாக எழுத வேண்டியது. தேதிகளை மட்டும் உருப்போட்டுப் போகிறவர் திணறுவது இங்கேதான்.

அப்போ மனப்பாடம் பண்ணினா போதாதா?

போதாது. ஏன் என்பதற்குத் திருச்சியிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. எட்டு ஆண்டு இடைவெளியில் இதே ஊரிலிருந்து கிளம்பிய இரண்டு நடைப்பயணங்கள்.

முதல் பயணம், 1930. காந்தி மார்ச் 12-ல் சபர்மதியிலிருந்து 78 தொண்டர்களுடன் கிளம்பி, ஏப்ரல் 6-ல் தண்டிக் கடற்கரையில் உப்புச் சட்டத்தை மீறினார். அதே பாணியில் தமிழ்நாட்டில் நடந்ததுதான் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம். ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்த அதே ஏப்ரல் 13-ம் தேதி, ராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் திருச்சியிலிருந்து கிளம்பினார்கள். புறப்பட்ட இடம், திருச்சி கன்டோன்மென்ட்டில் இருந்த டாக்டர் டி.எஸ்.எஸ்.ராஜனின் வீடு. அவர் ஸ்ரீரங்கத்துக்காரர்.

அப்போதைய தஞ்சை மாவட்ட கலெக்டர் தார்ன், இவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ தண்டனை என்று எச்சரித்தார். மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள். 'நாங்க யாருக்கும் கொடுக்கல, மரத்துல தொங்குது' என்பது போல. தஞ்சாவூர், கும்பகோணம், திருத்துறைப்பூண்டி வழியாக சுமார் 240 கிலோமீட்டர் நடந்து ஏப்ரல் 28-ல் வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30-ம் தேதி உப்பு எடுத்தார்கள். ராஜாஜி கைது செய்யப்பட்டார்.

இரண்டாவது பயணம், 1938. அப்போது ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமர் (இன்றைய முதலமைச்சர் பதவி மாதிரி). முதல் பயணத்துக்கு வீடு கொடுத்த டாக்டர் ராஜன் அவரது அமைச்சரவையில் அமைச்சர். அந்த ஆண்டு உயர்நிலைப் பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடமாக்கப்பட்டது. அதை எதிர்த்து ஆகஸ்ட் 1-ம் தேதி தமிழர் பெரும்படை ஒன்று சென்னை நோக்கி நடக்கத் தொடங்கியது. தொடங்கிய ஊர், அதே திருச்சி. குமாரசாமிப் பிள்ளை, பட்டுக்கோட்டை அழகிரிசாமி, மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஆகியோர் அதில் முன்னணியில் இருந்தார்கள். 42 நாள் நடை. 1939-ல் இந்தப் போராட்டத்தில் சிறை சென்ற நடராசனும் தாளமுத்துவும் உயிரிழந்தார்கள். 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி ஆணை திரும்பப் பெறப்பட்டது.

ஒரே ஊர். ஒரே ஆயுதம், கால்நடையாகப் போவது. முதல் பயணத்தில் ராஜாஜி தலைவர். இரண்டாவது பயணமோ அவருடைய அரசின் ஆணைக்கு எதிராகவே நடந்தது.

இரண்டு தேதிகளையும் மனப்பாடம் செய்தவருக்கு இரண்டு ஒரு மார்க் கிடைக்கலாம். ஆனால் "சட்டத்தை மீறி நடந்த ஒருவர் ஆட்சிக்கு வந்ததும் என்ன மாறியது? அவர் பக்க நியாயம் என்ன? எதிர்த்தவர்கள் பக்க நியாயம் என்ன?" என்று கேட்கத் தொடங்கியவர்தான் வரலாறு படிக்கிறார். 5 மதிப்பெண் கேள்விக்கு எழுதத் தெரிவதும் அவருக்குத்தான் எளிது.

5 மார்க் பதிலை எப்படி எழுதுவது?

உப்புச் சத்தியாகிரகத்தையே எடுத்துக்கொள்வோம். பதிலை நான்கு துண்டாக மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

- பின்னணி: ஏழைக்கும் தேவைப்படும் உப்புக்கு ஆங்கிலேயர் வரி போட்டது, சொந்தமாக எடுப்பதைக் குற்றமாக்கியது
- காரணம்: எல்லா மதம், எல்லா சாதிக்காரருக்கும் பொதுவான பொருள் என்பதால் காந்தி உப்பைத் தேர்ந்தெடுத்தது
- நிகழ்வு: தண்டி, வேதாரண்யம், தலைவர்கள், தேதிகள்
- விளைவு: கைதுகள், மக்கள் பங்கேற்பு பரவியது, 1931-ல் காந்தி - இர்வின் ஒப்பந்தம்

தேதி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தேதி மூன்றாவது துண்டில் மட்டும்தான் வருகிறது. மற்ற மூன்றும் 'ஏன்', 'எதனால்', 'அப்புறம் என்ன ஆச்சு' என்ற கேள்விகளுக்கான பதில். இந்த வரிசையில் ஒரு பாடத்தைப் புரிந்துகொண்டால், கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் எழுதலாம். துணைத் தலைப்புப் போட்டு, பாயின்ட் பாயின்டாக எழுதினால் திருத்துபவருக்கும் எளிது.

டவுன் பஸ் தூரத்தில் பாடம்

திருச்சி மாணவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. பிளஸ் 1, பிளஸ் 2 இரண்டு ஆண்டுப் பாடங்களில் வரும் பல விஷயங்களை ஒரு டவுன் பஸ் டிக்கெட்டில் போய்ப் பார்த்துவிடலாம்.

- மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம்: 1751-52 கர்நாடகப் போரில், கோட்டைக்குள் முகமது அலியும் ஆங்கிலேயரும், வெளியே சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரரும். கடைசியில் ஸ்ரீரங்கம் தீவில் முடங்கிய பிரெஞ்சுப் படை சரணடைந்தது. இந்தியா ஆங்கிலேயர் கைக்குப் போன கதையில் இது ஒரு திருப்பம்.
- அதே கோட்டை, அதே கோயில், 1801: மருது சகோதரர்களின் திருச்சிராப்பள்ளி பேரறிக்கை கோட்டையில் இருந்த நவாப் அரண்மனைச் சுவரிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. சாதி, மத வேறுபாடு பார்க்காமல் ஆங்கிலேயரை எதிர்த்து ஒன்றுசேர அழைத்த அறிக்கை அது. 1857 பெருங்கிளர்ச்சிக்கு 56 ஆண்டுகள் முன்பு.
- பொன்மலை: 1928 தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தின் முக்கியக் களங்களில் திருச்சியும் ஒன்று. 1946 செப்டம்பர் 5-ல் இங்கே போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 5 தொழிலாளர்கள் இறந்தனர். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் பம்பாயில் கடற்படை எழுச்சி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 1946-ல் நாடு எப்படிக் கொதித்தது என்று புரியும்.
- திருவெறும்பூர் பெல் ஆலை: ஐந்தாண்டுத் திட்டங்கள், பொதுத்துறை நிறுவனங்கள் பற்றிய 9-வது பாடத்துக்கு நேரடி உதாரணம். 1960-களில் வந்த ஆலை.

தென்னூரில் ஒரு மாணவரின் தாத்தா பெல்லிலோ பொன்மலை ஒர்க்‌ஷாப்பிலோ வேலை பார்த்திருந்தால், அவரிடம் அரை மணி நேரம் பேசுவதும் வரலாறு படிப்பதுதான். அகமதிப்பீட்டுக்கான ஒப்படைப்புக்கும் உதவும்.

சிபிஎஸ்இ-யில் எப்படி?

சிபிஎஸ்இ 12-ம் வகுப்பு வரலாறு வேறு மாதிரி. என்சிஇஆர்டி-யின் 3 பாகப் புத்தகம். ஹரப்பாவில் தொடங்கி அரசியல் சட்ட உருவாக்கத்தில் முடியும். உலக வரலாறு இல்லை. எழுத்துத் தேர்வு 80, ப்ராஜெக்ட் 20. பாடங்களை வரிசையாகச் சொல்வதைவிட, கல்வெட்டு, பயணக் குறிப்பு, நாளிதழ் போன்ற ஆதாரங்களைக் கொடுத்து அவற்றை எப்படிப் படிப்பது என்று சொல்லித் தருவது அதன் பாணி.

கொரோனாவுக்குப் பிறகு பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி, முகலாய அரசவை பற்றிய அத்தியாயத்தை அதிலிருந்து என்சிஇஆர்டி நீக்கியது. 2023-ல் இது பெரிய சர்ச்சையானது. புத்தகத்தில் எது இருக்கலாம், எது வேண்டாம் என்பதே இன்னும் சண்டைக்குரிய விஷயம் என்றால், இந்தப் பாடத்தின் கனம் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கதவு மூடும்?

இதை மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். வரலாறு உள்ள குரூப் எடுத்தால் எம்பிபிஎஸ், இன்ஜினியரிங், பி.எஸ்சி நர்சிங், பி.எஸ்சி விவசாயம் போன்றவற்றுக்குப் போக முடியாது. "எதுக்கும் இருக்கட்டும்" என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

எது திறக்கும்?

- பி.ஏ. படிப்புகள்: வரலாறு, தமிழ், ஆங்கிலம், பொருளியல், அரசியல் அறிவியல். திருச்சியிலேயே பெரியார் ஈ.வெ.ரா. அரசுக் கல்லூரி, ஜமால் முகமது கல்லூரி போன்ற இடங்களில் பி.ஏ. வரலாறு உண்டு.
- சட்டம்: 5 ஆண்டு சட்டப் படிப்புக்கு எந்த குரூப்பும் சரி. அரசு சட்டக் கல்லூரிகளில் பிளஸ் 2 மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை. திருச்சி அருகே நாவலூர் குட்டப்பட்டில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர கிளாட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.
- ஆசிரியர்: பி.ஏ., பி.எட் முடித்து தகுதித் தேர்வில் தேறினால் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு முயற்சி செய்யலாம். எம்.ஏ., பி.எட் என்றால் முதுகலை ஆசிரியர் தேர்வு.
- தொல்லியல்: கீழடிக்குப் பிறகு இந்தப் பக்கம் ஆர்வம் கூடியிருக்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறையே 2 ஆண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. தென்னூருக்குப் பக்கத்தில் உள்ள உறையூரில் 1960-களிலேயே சென்னைப் பல்கலைக்கழகம் அகழாய்வு செய்தது. ஸ்ரீரங்கம் கோயிலில் மட்டும் 600-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் எப்போதும் தேவை.
- இதழியல், சுற்றுலா, சமூகப் பணி: இவற்றுக்கும் வழி உண்டு.

"பி.ஏ. ஹிஸ்டரி முடிச்ச உடனே வேலை கிடைச்சுடுமா?" என்றால், பட்டம் மட்டும் போதாது. அதோடு பி.எட், சட்டம், போட்டித் தேர்வு என்று ஏதாவது ஒன்றைச் சேர்க்கத்தான் வேண்டும். இதைப் பிளஸ் 2-விலேயே திட்டமிடுவது நல்லது.

டிஎன்பிஎஸ்சி-க்கு எவ்வளவு உதவும்?

குரூப் 4 தேர்வில் மொத்தம் 200 கேள்விகள். அதில் பொது அறிவு 75. இந்திய வரலாறும் பண்பாடும், தேசிய இயக்கம், தமிழக வரலாறு, அரசியல் அமைப்பு, பொருளாதாரம், புவியியல் எல்லாம் இதற்குள்தான். வரலாறு, புவியியல், பொருளியல், அரசியல் அறிவியல் குரூப் படித்தவருக்கு இந்தப் பட்டியல் ஏற்கெனவே பழகிய முகம். மற்றவர்கள் டிகிரி முடித்து புதிதாகத் தொடங்கும் இடத்தை இவர்கள் 17 வயதிலேயே கடந்திருப்பார்கள். யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வில் வரலாறு உண்டு. முதன்மைத் தேர்வில் விருப்பப் பாடமாகவும் எடுக்கலாம்.

மாதம் 1,000 ரூபாய் உண்டா?

உண்டு. 6 முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பி.ஏ. வரலாற்றுக்கும் இது பொருந்தும்.

புதுமைப்பெண் திட்டத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் தெரியுமா? மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். 1938-ல் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த அதே ராமாமிர்தம் அம்மையார்தான். வங்கிக் கணக்கில் பணம் வரும் பல மாணவிகளுக்கு, அந்தப் பெயர் யாருடையது என்பது தெரியாது.

சேரும் முன் பள்ளியில் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. இந்த குரூப்பில் வரலாற்றோடு இருக்கும் மற்ற 3 பாடங்கள் என்னென்ன?
2. வரலாற்றுக்கென்று முதுகலை ஆசிரியர் இருக்கிறாரா, அல்லது வேறு பாட ஆசிரியர் நடத்துகிறாரா?
3. தமிழ் வழியா, ஆங்கில வழியா? (தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ் வழியில் இருக்க வேண்டும் என்பதால், நடுவில் மாறுவதற்கு முன் யோசிக்க வேண்டும்)
4. மனதில் இருக்கும் கல்லூரிப் படிப்புக்கு இந்த குரூப் தகுதியா? (இதைப் பள்ளியில் மட்டுமல்ல, அந்தக் கல்லூரியிலும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்)

நான்குக்கும் தெளிவான பதில் கிடைத்து, பிள்ளைக்கும் ஆர்வம் இருந்தால் தயங்க வேண்டியதில்லை. ஆர்வம் இல்லாமல், "மார்க் கம்மி, அதனால ஹிஸ்டரி" என்று தள்ளிவிடுவதுதான் தவறு. 15 பாடங்களையும் 70 மதிப்பெண்ணுக்கு எழுதிக் காட்ட வேண்டிய பாடம் இது. மார்க் கம்மியானவர்களுக்கு ஈசியான இடம் என்று யார் சொன்னாலும், அவர்கள் அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை என்று அர்த்தம்.